முன்னால் நட்சத்திரம், பின்னால் சிங்கம்

கல்லூரி விழாவுக்காக இருபது நாடுகளின் கொடிகளைத் தைக்கக் கொடுக்கப் போவதாகவும், பட்டியலில் பராகுவேயைப் பார்த்த யாரோ ஒருவர் "அதுக்கு முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் வேற படம்" என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அது உண்மையா, வேறு எந்த நாட்டுக்காவது அப்படி உண்டா, சவுதி அரேபியக் கொடியில் இருக்கும் எழுத்து பின்னாலிருந்து பார்த்தால் இடவலம் மாறித் தெரியாதா என்று மூன்று கேள்விகள்.

உண்மைதான். இன்று இருக்கிற நாட்டுக் கொடிகளில் இரண்டு பக்கமும் வெவ்வேறு சின்னத்தோடு இருப்பது பராகுவே கொடி மட்டும். சவுதி கொடி வேறு மாதிரி: அதில் இரண்டு பக்கமும் ஒரே எழுத்து, இரண்டு பக்கமும் சரியாகவே படிக்கலாம், அதற்காகத் தனி வேலை செய்ய வேண்டும். இரண்டையும் விரிவாகவே சொல்கிறேன். ஈரோட்டுப் பக்கம் பதினெட்டு வருடமாகக் கொடியும் பேனரும் அச்சடித்துத் தைக்கிற தொழிலில் இருப்பவன் நான், கொடியின் பின்பக்கம் எனக்கு அன்றாடம் கையில் புரள்கிற விஷயம்.

முதலில் துணியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு காகிதத்தில் படம் போட்டால் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், அங்கே வேறு படம் போட்டுக்கொள்ளலாம். கொடித் துணி அப்படி இல்லை. அது காற்றில் பறக்க வேண்டும், பறக்க வேண்டுமென்றால் மெல்லிசாக இருக்க வேண்டும், மெல்லிசாக இருந்தால் மை மறுபக்கம் ஊறும், ஊறாவிட்டாலும் வெயிலில் நிழல் தெரியும். அதனால் சாதாரணக் கொடிக்குப் பின்பக்கம் என்று தனியாக ஒன்று கிடையாது, முன்பக்கம்தான் துணிவழியாகத் தெரிகிறது. நம்மூர்க் கட்சிக் கொடிகளிலும் சங்கக் கொடிகளிலும் பெயர் எழுதியிருந்தால் பின்னால் வருகிறவருக்கு அது கண்ணாடியில் பார்த்த எழுத்தாகத்தான் தெரியும், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நம் தேசியக் கொடிக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. அசோகச் சக்கரம் இரண்டு பக்கமும் முழுமையாகத் தெரிய வேண்டும் என்று கொடி விதித்தொகுப்பு 2002 தெளிவாகச் சொல்கிறது. 2021 டிசம்பரில் விதியைத் திருத்தி பாலியெஸ்டருக்கும் இயந்திரத்தில் செய்த கொடிக்கும் அனுமதி கொடுத்த பிறகு, 2022 ஆகஸ்டில் எங்களுக்கும் ஆர்டர் வந்தது. பருத்தித் துணியில் ஒரு பக்கம் ஸ்க்ரீன் அடித்தால் மறுபக்கம் சக்கரம் வெளிறித் தெரியும், ஆகவே துணியைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை அடிக்க வேண்டும். அந்த இரண்டாவது அடியில்தான் எல்லாம் இருக்கிறது. சக்கரத்தில் 24 ஆரம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 15 டிகிரி. திருப்பிப் போட்ட துணி ஒரு நூல் நகர்ந்து விட்டாலும் மேசைமேல் வைத்துப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, அழகாகத்தான் இருக்கும். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் முன்பக்க ஆரங்களுக்கு நடுவே பின்பக்க ஆரங்கள் நிழலாக வந்து நிற்கும், 24 ஆரம் 48 ஆகிவிடும். அப்படி ஒரு கட்டு முழுவதையும் ஒதுக்கி வைத்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை. இவ்வளவுக்கும் இரண்டு பக்கமும் ஒரே படம், அதுவும் எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கிற வட்டம். அதற்கே இந்தப் பாடு என்றால் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று வருகிறபோது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எது முன்பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், தைக்கக் கொடுக்கும்போது இதில்தான் குழப்பம் வரும். கம்பம் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும்படி நின்று பார்த்தால் தெரிவது முன்பக்கம், கம்பம் வலது கைப்பக்கம் இருந்தால் பின்பக்கம். சவுதி கொடி போல அரபு எழுத்து உள்ள சில கொடிகளில் இது தலைகீழ், வலமிருந்து இடமாகப் படிக்கிறார்கள் அல்லவா, அதனால் கம்பம் வலப்பக்கம் இருப்பதுதான் அங்கே முன்பக்கம். இலங்கைக் கொடியின் சிங்கத்தைப் பாருங்கள், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது கம்பத்தைத்தான் பார்த்து நிற்கும். கொடியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் முன்னே நடந்தால் சிங்கமும் அவரோடு முன்னே போகும். ஆனால் முன்பக்கத்தில் வலது முன்னங்காலில் பிடித்திருக்கும் வாள் பின்பக்கத்தில் இடது காலுக்குப் போய்விடும். துருக்கிக் கொடியில் இன்னும் வேடிக்கை: முன்பக்கத்துப் பிறை, துருக்கி வானத்துக் கணக்குப்படி பார்த்தால் தேய்பிறை, பின்பக்கம் போய் நின்றால் அதே பிறை வளர்பிறை. அமெரிக்க ராணுவத்தினர் வலது தோளில் ஒட்டியிருக்கும் கொடியில் நட்சத்திரங்கள் வலப்பக்கம் இருப்பதைப் பார்த்துப் பலர் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். தப்பில்லை, அது கொடியின் பின்பக்கம். ஆள் முன்னே நடக்கும்போது கொடி எதிர்க்காற்றில் பின்னோக்கிப் பறப்பதாக வைத்துக்கொண்டால் நட்சத்திரம் இருக்கும் முனை முன்னால்தான் வர வேண்டும்.

சரி, பராகுவே.

மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை, கீழே நீலம். தூரத்திலிருந்து பார்த்தால் நெதர்லாந்துக் கொடி என்றே நினைப்பீர்கள். பக்கத்தில் போனால் வெள்ளைப் பட்டையின் நடுவில் ஒரு வட்டச் சின்னம் தெரியும். முன்பக்கத்து வட்டத்தில் மஞ்சள் நட்சத்திரம், அதைச் சுற்றி ஒரு பக்கம் பனைக்குருத்து போன்ற கிளை, மறுபக்கம் ஆலிவ் கிளை, இரண்டும் கீழே சேர்ந்து மேலே விரிந்து நிற்கும், கூடவே 'பராகுவே குடியரசு' என்று ஸ்பானிய மொழியில் எழுத்து. நட்சத்திரத்துக்குப் பெயர் மே மாத விண்மீன், 1811 மே 14 இரவு அசுன்சியோன் நகரத்தில் தொடங்கிய விடுதலையை நினைவுபடுத்துவது. அப்படியே கம்பத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனால் நட்சத்திரத்தைக் காணோம். அங்கே ஒரு சிங்கம் இருக்கிறது, அதோடு ஒரு கம்பு, கம்பின் நுனியில் சிவப்புக் குல்லாய், மேலே 'அமைதியும் நீதியும்' என்று இரண்டே சொல். அந்தக் குல்லாய் சாதாரணக் குல்லாய் இல்லை. ரோமில் விடுதலை பெற்ற அடிமைகள் அணிந்த தொப்பியின் நினைவாக வந்து, பிரெஞ்சுப் புரட்சியில் சுதந்திரத்தின் அடையாளமாகி, பிறகு தென் அமெரிக்கா முழுக்கப் பரவியது. சிங்கம் அந்தச் சுதந்திரத்துக்குக் காவல். தென் அமெரிக்கக் காட்டில் ஜாகுவார் உண்டு, பூமா உண்டு, சிங்கம் கிடையாது. ஐரோப்பிய முத்திரை மரபிலிருந்து கடல் தாண்டி வந்த சிங்கம் அது.

ஏன் இரண்டு? இதற்குப் பலரும் சொல்லும் பதில் "தனித்துத் தெரிய வேண்டும் என்பதற்காக" என்பது. எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தப் பின்பக்கச் சின்னம் என்ன என்று பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்: அது பராகுவேயின் கருவூல முத்திரை. முன்பக்கம் இருப்பது நாட்டு முத்திரை. அரசாங்கத்திடம் இரண்டு முத்திரை இருந்தது, இரண்டையும் கொடியில் வைத்துவிட்டார்கள். 1814 முதல் 1840-இல் சாகும் வரை பிரான்சியா என்ற ஒரே மனிதர் கதவை இழுத்துச் சாத்தியதுபோல் அந்த நாட்டை ஆண்டார். அவர் போன பிறகு கார்லோஸ் அந்தோனியோ லோபஸ், மரியானோ ரோக்கே அலோன்சோ என்ற இரண்டு பேர் சேர்ந்து ஆண்டார்கள். பராகுவே தனி நாடே இல்லை, தன்னுடைய ஒரு மாகாணம்தான் என்று பக்கத்து அர்ஜென்டினா பிடிவாதமாக இருந்த காலம் அது. 1842 நவம்பர் 25-ஆம் தேதி காங்கிரஸ் என்ற நாட்டுப் பேரவையைக் கூட்டி முறைப்படி விடுதலைப் பிரகடனம் செய்தார்கள், அதே கூட்டத்தில்தான் கொடியையும் முத்திரைகளையும் சட்டமாக்கினார்கள். நாங்கள் தனி நாடு என்று சொன்னால் போதுமா, எங்களுக்கென்று அரசு இருக்கிறது, கருவூலம் இருக்கிறது, வரி வாங்குகிறோம், கணக்கு வைக்கிறோம் என்று காட்ட வேண்டாமா. எதிரே நின்று மறுப்பவனுக்குக் காட்டும் பத்திரம்போல அந்தக் கொடியைப் பார்க்கிறேன், இரண்டு பக்கமும் முத்திரை குத்திய பத்திரம். இது என் வாசிப்பு, சட்டத்தில் அப்படிக் காரணம் எழுதி வைக்கவில்லை, ஆனால் தேதியும் சின்னமும் அதைத்தான் சொல்கின்றன.

இரண்டு முகம் என்பது துணிக்கு அந்நியமே தவிர முத்திரைக்கும் காசுக்கும் அந்நியம் இல்லை என்பதையும் கவனியுங்கள். பூவா தலையா என்று சுண்டிப் பார்க்கிறோமே, காசுக்குப் பழங்காலத்திலிருந்தே இரண்டு முகம். இங்கிலாந்து அரசர்களின் பெருமுத்திரை தட்டையான மெழுகுவட்டமாகப் பத்திரத்தில் தொங்கும், ஒரு பக்கம் அரசர் அரியணையில், மறுபக்கம் குதிரைமேல். அமெரிக்காவின் பெருமுத்திரைக்கும் இரண்டு பக்கம், ஒன்றில் கழுகு, மற்றதில் பிரமிடு. ஒரு டாலர் நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பார்கள். ராணுவப் பட்டாளங்களின் கொடிகளிலும் இந்த வழக்கம் உண்டு. பிரெஞ்சுப் படைப்பிரிவுக் கொடியில் ஒரு பக்கம் 'பிரெஞ்சுக் குடியரசு' என்றும் பிரிவின் பெயரும், மறுபக்கம் 'மானமும் தாய்நாடும்' என்ற சொற்களும் அந்தப் படை வென்ற போர்களின் பெயர்களும் இருக்கும். அவை கனமான பட்டில் எம்பிராய்டரி செய்து கையில் ஏந்திப் போகிற கொடிகள், கம்பத்தில் இரவும் பகலும் பறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பராகுவே செய்தது, கையில் ஏந்தும் கொடிக்கும் மெழுகுக்கும் உரிய ஒரு வழக்கத்தைக் கூரைமேல் பறக்கும் துணியில் ஏற்றியது. 180 வருடத்துக்கு மேலாக அதை விடாமல் வைத்திருக்கிறது. நடுவில் 1864 முதல் 1870 வரை பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே மூன்றோடும் போரிட்டு, மக்களில் பெரும்பகுதியை இழந்து நாடே சிதைந்துபோன பிறகும் கொடி மாறவில்லை. சின்னங்களை வரைகிற விதம்தான் காலப்போக்கில் மாறி மாறி வந்தது, 2013-இல் 1842 வடிவத்தை ஒட்டித் திருத்தி ஒழுங்குபடுத்தினார்கள்.

வேறு நாடுகளும் இந்தப் பக்கம் வந்து பார்த்துத் திரும்பியிருக்கின்றன, ஆனால் அவை வைத்தது வேறு படம் இல்லை, வெறும் துணி. மால்டோவா 1990 முதல் 2010 வரை கழுகுச் சின்னத்தை முன்பக்கம் மட்டும் வைத்திருந்தது. பின்பக்கம் வெறும் நீலம், மஞ்சள், சிவப்பு. அப்படியென்றால் பின்னாலிருந்து பார்க்கிறவருக்குப் பக்கத்து நாடான ருமேனியாவின் கொடிபோல இருக்கும். 2010-இல் சட்டத்தை மாற்றிப் பின்பக்கமும் கழுகைக் கொண்டுவந்தார்கள். சோவியத் ஒன்றியத்திலும் 1980 விதிப்படி அரிவாளும் சுத்தியலும் நட்சத்திரமும் ஒரு பக்கம் மட்டும்தான், மறுபக்கம் முழுச் சிவப்பு.

நாட்டை விட்டு மாநிலங்களுக்கு வந்தால் அமெரிக்காவில் ஓரெகன் மாநிலம் இருக்கிறது, இன்றும் இரண்டு பக்கமும் வேறு வேறு படம் வைத்திருக்கும் ஒரே அமெரிக்க மாநிலம். கருநீலத் துணியில் பொன்னிறம். முன்பக்கம் மாநில முத்திரையின் கேடயம், சுற்றிலும் 33 நட்சத்திரம், ஏனென்றால் 33-ஆவதாகச் சேர்ந்த மாநிலம், கீழே சேர்ந்த ஆண்டு 1859. அந்தக் கேடயத்துக்குள் மலை, காடு, மான், மாடு பூட்டிய கூண்டு வண்டி, கடலில் இரண்டு கப்பல் என்று ஒரு ஊரே இருக்கிறது. அந்த இரண்டு கப்பலில் ஒன்று விட்டுப் போகும் பிரிட்டிஷ் போர்க்கப்பல், மற்றது வந்து சேரும் அமெரிக்க வணிகக் கப்பல். இவ்வளவு நெரிசலையும் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனால் ஒரே ஒரு பீவர், அவ்வளவுதான். மரத்தைக் கொறித்து அணை கட்டுமே, தட்டையான வால், அந்த விலங்கு. எனக்கு அந்தப் பக்கம்தான் பிடிக்கும். வெள்ளைக்காரர்கள் அந்தப் பக்கம் வந்ததற்குப் பீவர் தோல் ஒரு பெரிய காரணம், 1849-இல் அங்கே தனியார் அடித்த ஐந்து டாலர், பத்து டாலர் தங்கக் காசுகளிலும் பீவர்தான் இருந்தது. 1925-இல் கொடியைச் சட்டமாக்கியபோது போர்ட்லண்டில் இருந்த மேயர் அண்ட் ஃபிராங்க் என்ற பெரிய துணிக்கடை முதல் கொடியைச் செய்து கொடுத்தது.

மற்ற மாநிலங்கள் கைவிட்டன. மாசசூசெட்ஸ் 1908-இலிருந்து பின்பக்கம் பைன் மரம் வைத்திருந்தது, 1971-இல் எடுத்துவிட்டது. தெற்கு டகோட்டாவின் கதைதான் எங்கள் தொழில்காரர்களுக்கு நன்றாகப் புரியும்: 1909-இல் வந்த கொடியில் ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் மாநில முத்திரை. செய்கிற செலவு கட்டுப்படியாகவில்லை. 1963-இல் முத்திரையைத் தூக்கிச் சூரியனுக்கு நடுவில் வைத்து ஒரே படமாக்கிவிட்டார்கள். ஒரு மாநில அரசுக்கே கட்டுப்படியாகாத வேலையைத்தான் பராகுவே இன்னும் செய்துகொண்டிருக்கிறது, அதனால்தான் எனக்கு அந்தக் கொடிமேல் தனி மரியாதை.

இப்போது எழுத்து. சவுதி கொடியில் இருப்பது இஸ்லாத்தின் அடிப்படை உறுதிமொழியான கலிமா. அது இடவலம் மாறித் தெரிவதை அவர்கள் ஏற்க முடியாது, ஆகவே இரண்டு துணியில் ஒரே படத்தை அச்சடித்து முதுகோடு முதுகு சேர்த்துத் தைக்கிறார்கள். எழுத்துக்குக் கீழே இருக்கும் வாளும் எழுத்து போகும் திசையிலேயே, இரண்டு பக்கமும் இடது நோக்கியே இருக்கும். இதில் ஒரு விளைவு உண்டு: ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் வாள் முனை கம்பத்தை விட்டு விலகிப் போகும், இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால் கம்பத்தை நோக்கி வரும். கலிமா இருப்பதால்தான் துக்க நாட்களில் மற்ற நாடுகள் அரைக்கம்பத்துக்கு இறக்கும்போதும் சவுதி கொடி இறங்குவதில்லை. ஈராக் கொடியில் இருக்கும் 'அல்லாஹு அக்பர்' என்ற சொற்களும் இப்படியே இரண்டு பக்கமும் நேராக இருக்க வேண்டும். இரானியர்கள் பாதி வேலையை வடிவத்திலேயே முடித்துவிட்டார்கள். பச்சையும் சிவப்பும் வெள்ளையைத் தொடும் ஓரங்களில் மேலே 11, கீழே 11 என்று 22 தடவை அதே சொற்களை எழுதியிருப்பதைத்தான் இரண்டு பக்கமும் சரிபார்க்க வேண்டும், நடுவில் இருக்கும் சிவப்புச் சின்னம் இடமும் வலமும் ஒரே மாதிரி, எந்தப் பக்கம் பார்த்தாலும் மாறாது.

எழுத்துள்ள கொடிகளில் என்னை வெகுநேரம் உட்கார வைத்தது பிரேசில். நீல உருண்டையின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை, அதில் 'ஒழுங்கும் முன்னேற்றமும்' என்று போர்த்துகீசிய மொழியில் பச்சை எழுத்து. 1971-ஆம் வருடச் சட்டம் இதைப் பற்றி எங்களைப் போன்ற ஆட்களுக்காகவே எழுதியதுபோல ஒரு விதி வைத்திருக்கிறது: இரண்டு முகமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும், பட்டை பார்ப்பவரின் இடமிருந்து வலமாகச் சாய்ந்து இறங்க வேண்டும், ஒரு முகத்தை இன்னொன்றின் மறுபுறமாகச் செய்யக் கூடாது. மறுபுறம் தெரிந்தால் எழுத்து கெடுவதோடு இறங்குகிற பட்டை ஏறுகிற பட்டையாகிவிடும்.

ஆனால் அந்த நீல உருண்டையில் இருக்கும் 27 நட்சத்திரத்தைக் கூர்ந்து பாருங்கள். அவை 1889 நவம்பர் 15 காலை எட்டரை மணிக்கு ரியோ டி ஜெனிரோவின் வானம், குடியரசு பிறந்த நாளின் வானம். அதை நாம் தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல வரையவில்லை. வானமே ஒரு கண்ணாடி உருண்டை என்று வைத்துக்கொண்டு, அந்த உருண்டைக்கு வெளியே நின்று ஒருவர் பார்ப்பதாக வரைய வேண்டும் என்பது சட்டம். வெளியே நின்று பார்த்தால் எல்லாம் இடவலம் மாறிவிடும் இல்லையா. மே மாதம் ராத்திரி கன்னியாகுமரியில் கடலைப் பார்த்து நின்றால் தெற்கே தாழ்வாக நாலு நட்சத்திரம் சிலுவையாகத் தெரியும், நம்மவர்கள் திரிசங்கு என்பார்கள். கண் நன்றாக இருந்தால் ஐந்தாவதாக ஒரு மங்கலான பொடி நட்சத்திரம், சிலுவையின் நடுவுக்குக் கீழே வலப்பக்கம். பிரேசில் கொடியில் அது இடப்பக்கம் இருக்கும். அதாவது அந்தக் கொடியின் முன்பக்கமே வானத்தின் பின்பக்கம்! பின்பக்கத்தைச் சட்டப்படி முன்பக்கத்தைப் போலவே செய்வதால் அங்கேயும் அதே இடவலம் மாறிய வானம்தான். தரையில் நிற்கும் மனிதன் பார்க்கிற வானம் அந்தக் கொடியில் எந்தப் பக்கமும் கிடைக்காது. சட்டத்தை மதிக்காமல் மலிவாக ஒரு பக்கம் மட்டும் அடித்த மெல்லிய கொடியைப் பின்னாலிருந்து பார்த்தால்தான் அந்த வானம் கிடைக்கும், எழுத்து மட்டும் கெட்டிருக்கும். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்றைக்கு மேசையிலிருந்த பிரேசில் கொடியை ஜன்னல் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உங்கள் வேலைக்கு வருவோம். இரண்டு பக்கமும் வேறு படம் வேண்டுமென்றால் இரண்டு துணி போதாது, மூன்று வேண்டும். முன் துணி, பின் துணி, நடுவில் வெளிச்சத்தை மறைக்கும் ஒரு லைனிங். லைனிங் இல்லாவிட்டால் வெயில் பட்டதும் நட்சத்திரத்துக்குள் சிங்கம் தெரியும். மூன்று அடுக்கு என்றால் துணிச்செலவு மூன்று மடங்கு, கனமும் ஏறத்தாழ அப்படியே, லேசான காற்றுக்குக் கொடி எழும்பாமல் கம்பத்தோடு ஒட்டித் தொங்கும், பலமான காற்றில் கனத்தினாலேயே பறக்கும் ஓரம் சீக்கிரம் கிழியும். நான் முதன்முறை பராகுவே கொடி தைத்தபோது வெளித்துணிக்குப் பாலியெஸ்டரும் உள்ளே வீட்டில் கிடந்த பருத்தித் துணியும் போட்டேன். பார்க்க ஜோராக இருந்தது. ஒரு மழையில் நனைந்தது, உள்ளே இருந்த பருத்தி சுருங்கியது, வெளித்துணி சுருங்கவில்லை, காய்ந்த பிறகு வெள்ளைப் பட்டை முழுக்க அப்பளம் மாதிரி கொப்பளித்து நின்றது. மூன்றும் ஒரே ரகத் துணியாக இருக்க வேண்டும், பருத்தி என்றால் மூன்றையும் முன்கூட்டியே நனைத்துக் காயப்போட்டு வெட்ட வேண்டும்.

இன்னொன்று, வட்டங்களின் மையம். முன் வட்டமும் பின் வட்டமும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாக விழ வேண்டும். கம்பம் செருகும் பட்டியை விட்டுவிட்டு அளக்க வேண்டும். முன் துணியில் பட்டி இடப்பக்கம், பின் துணியில் வலப்பக்கம். தையல்காரர் இரண்டு துணியிலும் ஒரே பக்கம் பட்டிக்கு இடம் விட்டு வெட்டிவிட்டால் சேர்க்கும்போது ஒரு வட்டம் கம்பத்தைப் பார்த்து நகர்ந்திருக்கும், அதை அப்புறம் சரிசெய்யவே முடியாது. வெட்டுவதற்கு முன் இரண்டு துணியையும் முதுகோடு முதுகு வைத்து, இரண்டு வட்டத்தின் நடுவிலும் ஒரே குண்டூசியைக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேடையில் சுவரோடு ஒட்டித்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால் நட்சத்திரப் பக்கம் மட்டும் அச்சடித்தால் போதும், வீண் செலவு வேண்டாம். கம்பத்தில் நட்டு வைத்து, பின்னாலும் ஆட்கள் நடமாடுகிற இடம் என்றால் மூன்று துணி போட்டே தைத்துவிடுங்கள். இணையத்தில் எடுக்கும் படங்களில் பெரும்பாலும் முன்பக்கம் மட்டும்தான் கிடைக்கும், ஆகவே தையல்காரரிடம் சிங்கத்தின் படத்தையும் தனியாக அச்செடுத்துக் கொடுங்கள், 2013-க்குப் பிந்தைய வடிவமா என்று பார்த்து எடுங்கள். சவுதி கொடிக்கு லைனிங் கட்டாயம் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சத்தில் இரண்டு பக்க எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து படிக்க முடியாமல் போகும். அந்தக் கொடியைத் தரையில் போட்டு வெட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், மேசைமேல் வைத்தே வெட்டட்டும்.